நான் எழுதி வைத்த மகள்

ரயில் பதுளைவரை வந்ததிலிருந்து என் வீட்டில் வெற்றிலை அதிகம் செலவாகிறது. முன்பு பண்டாரவளையில் இறங்கி மாட்டுவண்டியில் குலுங்கிக்கொண்டு வரவேண்டும் என்பதால், உண்மையாகவே காரியம் உள்ளவர்கள் மட்டும் என்னைத் தேடி வந்தார்கள். இப்போது சும்மா இருப்பவர்களும் வந்துவிடுகிறார்கள். வரட்டும். ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிளாக்கருக்குப் பேச ஆள் கிடைப்பது லேசான காரியமா?

போன மாதம் வந்தவன் தங்கராசு. பண்டாரவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறான். எனக்கு என்ன உறவு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சீமையிலிருந்து தபாலில் வந்த தடித்த புத்தகம் ஒன்றையும், நாலாக மடித்த விண்ணப்பத் தாள் ஒன்றையும் கொண்டுவந்திருந்தான். இங்கிருந்தபடியே படித்துப் பரீட்சை எழுதி பி.ஏ. பட்டம் வாங்கலாமாம். என்னென்ன பாடங்களை எடுக்கலாம் என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருந்தது. மனிதனுடைய மனம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் மனோதத்துவம் ஒன்று. மனிதர்கள் கூட்டமாக எப்படி வாழ்கிறார்கள் என்று சொல்லும் சமூக சாஸ்திரம் ஒன்று. குடும்பத்துக்கென்று தனிப் பாடம் இல்லை. சமூக சாஸ்திரத்துக்குள்ளே ஒரு மூலையில் அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

இதில் எதை எடுப்பது என்று என்னிடம் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவன் விடவில்லை. முப்பது வருஷம் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக நடந்து, எந்த அறையில் யார் இருக்கிறார்கள், யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதியவர் நீங்கள்தானே, அந்தக் கதையை எழுதிக் கொடுங்கள், படித்துவிட்டு நானே முடிவு செய்துகொள்கிறேன் என்றான். விண்ணப்பத் தாளில் என் கையெழுத்தும் வேண்டுமாம். கையெழுத்தை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

பதுளைக் கடைத்தெருவில் என் தகப்பனார் துணிக்கடை வைத்திருந்தார். எனக்குத் துணி அளக்க வரவில்லை. எவ்வளவு கேட்டாலும் ஒரு சாண் கூடவே கிழித்துக் கொடுத்துவிடுவேன். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அந்த ஒரே தகுதியை வைத்து, ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் ஊசிப்பாறைத் தோட்டத்து ஆபீசில் சேர்த்துவிட்டார்கள். கோப்பிச் செடியெல்லாம் நோயில் பட்டுப்போய்த் தேயிலை நட்டு முடித்திருந்த சமயம் அது. விடியற்காலையில் ஆளெடுக்கும் பெரட்டில் வேலைக்கு வந்தவர்களின் பேர் எழுதினேன், தேயிலைப் பெட்டிகளுக்கு எண் எழுதினேன், பெரிய துரையின் குதிரைக்கு மருந்து கேட்டுக் கடிதம் எழுதினேன். அதிலெல்லாம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சின்னத்துரை வந்த பிறகுதான் என் உத்தியோகம் உண்மையில் ஆரம்பித்தது.

பெரிய துரைக்கு அடுத்தபடியாகத் தோட்டத்தைப் பார்ப்பவர் சின்னத்துரை. எங்களுக்கு வந்தவர் ஒட்டடைக் கம்பு போல உயரம். சீமையில் மனோதத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர். சமூகத்தைப் பற்றிப் படிக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அந்தக் காலத்தில் அதற்குத் தனிப் படிப்பு அங்கே இல்லையாம், சில புத்தகங்கள் மட்டும் இருந்தனவாம். படித்துக் கிழித்தது போதும் என்று தகப்பனார் கப்பலேற்றிவிட்டார். வந்த இடத்திலும் மனுஷருக்கு ஆசை அடங்கவில்லை.

கறுப்பு மெழுகுத்துணி ஒட்டிய நோட்டுப் புத்தகம் ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். லயத்துக்குப் போவார். கவிழ்த்துப் போட்ட தேயிலைப் பெட்டிமேல் உட்காருவார். ஒரு கேள்வி கேட்பார். சொன்னதை எழுதுவார். பென்சிலால் முன்பல்லில் மூன்று தட்டுத் தட்டிவிட்டு, “அப்புறம்?” என்பார். தமிழில் அவருக்கு நன்றாக வந்த சொல் அதுதான். எதிரில் நிற்பது எண்பது வயதுக் கிழவரானாலும் ‘நீ’ என்றுதான் பேசுவார். துரைமார் எல்லோருமே அப்படித்தான். ஆனால் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துபோகும், காதைக் கிட்டே கொண்டுபோகவேண்டும். எங்களுக்கு அதுதான் பயம்.

லயத்து ஜனங்கள் அவருக்கு ‘எழுத்துத் தொரை’ என்று பேர் வைத்தார்கள். மாமன் மகளைக் கட்டலாம், சித்தப்பா மகளைக் கட்டவே கூடாது என்பதை அவருக்கு விளங்க வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று. இரண்டு பேரும் ஒன்றுதானே, இரண்டு பேரும் ஒன்றுதானே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவரிடம் ஒரே ஒரு குறை. எழுதியதைத் திருப்பிப் படித்து நான் கண்டதில்லை. ஒரு நோட்டு நிறைந்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு அடுத்ததை எடுத்துவிடுவார்.

இனிக் கருப்பண்ணன் குடும்பத்துக்கு வருகிறேன். கருப்பண்ணன் இருபது ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் சில்லறைக் கங்காணி. மனைவி இருளாயி, ஒரே மகன் சின்னமுத்து. அந்த வீட்டில் நான்காவதாக ஒரு பெண் இருந்தாள். பொன்னம்மா, கருப்பண்ணனின் தங்கை மகள். திருச்சிச் சீமையிலிருந்து எல்லோரும் சேர்ந்து புறப்பட்டு வரும் வழியிலேயே தங்கையும் மாப்பிள்ளையும் வாந்திபேதியில் போய்விட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கருப்பண்ணன் மலையேறினார். அவளைச் சின்னமுத்துவுக்குத்தான் கட்டுவார்கள் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். மாமன் மகனுக்கு உரிமைப்பெண். அதை யாரும் எடுத்துச் சொல்லவேண்டிய தேவையே இருந்ததில்லை.

பொன்னம்மா பெரியவளானபோது எங்கள் வழக்கப்படி லயத்தின் கோடியில் பச்சை இலைக் குடிசை கட்டினார்கள். அந்தக் குடிசையைத் தாய்மாமன்தான் தன் கையால் கட்டவேண்டும். பெற்ற தகப்பன் பக்கத்தில் நின்றாலும் கம்பு எடுத்துக் கொடுக்கலாமே தவிர, நடக்கூடாது. கருப்பண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டினார். சேதி கேட்டுச் சின்னத்துரையும் வந்து பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். கேட்டார், எழுதினார், படம்கூடப் போட்டார். மொழிபெயர்த்துச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அடுத்த வருஷம் புது லயங்கள் எழும்பின. சின்னத்துரை ஒரு விதி போட்டார். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். குடும்பம் என்றால் புருஷன், பெண்டாட்டி, அவர்கள் பெற்ற பிள்ளைகள். அதில் சேராத வயசுப் பெண்கள் ஐந்து மைல் கீழே இருந்த தோட்டத்தின் இன்னொரு பிரிவில் பெண்களுக்கான பொது அறைக்குப் போய்விட வேண்டும். நெருக்கியடித்துக்கொண்டு வாழக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். நீளமான பதிவேடு ஒன்றைக் கொழும்பில் அச்சடித்து வரவழைத்தார். அறை எண், குடும்பத் தலைவன், மற்றவர்களின் பேர், தலைவனுக்கு என்ன முறை, வயது. கறுப்பு மையில் நான் எழுதவேண்டும், பக்கத்தின் அடியில் அவர் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவார்.

கருப்பண்ணன் அறைக்கு வந்தேன். மூன்று பேர் எழுதினேன். நான்காவது பேரில் பேனா நின்றது. தங்கை மகள் என்று எழுதினால் மறுநாள் காலை அந்தப் பெண் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும். அவள் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நான் நிற்பதைப் பார்த்து ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் ‘மகள்’ என்று எழுதினேன். எவராவது கேட்டால் மகள் என்றே சொல்லும்படி கருப்பண்ணனிடமும் சொல்லிவைத்தேன். “வளத்தவன் நாந்தானுங்களே ஐயா, அதுல பொய் என்னாங்க?” என்றார்.

சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அவ்வளவு பெருமை. என் மனைவியிடம் சொன்னேன், நல்ல காரியம் செய்தீர்கள் என்றாள். இருளாயி அவரைக்காய் கொடுத்தனுப்பினாள். அந்த வீட்டு மகன் யார், அவனுக்கு யாரைக் கட்டப்போகிறார்கள் என்பது எங்கள் ஒருத்தர் தலையிலும் ஏறவில்லை. ஊருக்கே தெரிந்த உறவைக் காகிதம் என்ன செய்துவிடும் என்று நினைத்தோம் போலிருக்கிறது. இந்த மாதிரி முட்டாள்தனம் எங்களுக்குத்தான் வரும்.

மூன்று வருஷம் கழித்துக் கல்யாணம் வைத்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆகிறவர்களுக்குத் தனி அறை கொடுப்பது சின்னத்துரையின் ஏற்பாடு. அதற்கு முன்கூட்டியே மனுக் கொடுக்கவேண்டும். சின்னமுத்துவுக்கும் பொன்னம்மாவுக்கும் அறை கேட்டு அந்த மனுவை எழுதியவன் யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். அழகாக எழுதி, மை காயும்வரை ஊதி, அவருடைய மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை கல்யாணம். செவ்வாய்க்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார். குரல் காதுக்கே எட்டவில்லை. மேசைமேல் மனுவும் பதிவேடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மாப்பிள்ளை, கருப்பண்ணனின் மகன். பெண், கருப்பண்ணனின் மகள். சிவப்பு மையில் அவருடைய கையெழுத்து. நான் வாயைத் திறப்பதற்குள் குடும்பத்தையே வரச்சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்.

நான்கு பேரும் வந்தார்கள். பொன்னம்மா வாசலிலேயே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவள் யார் என்று துரை கேட்டார். கருப்பண்ணன் ஒரு தரம் என் முகத்தைப் பார்த்தார்.

“எம் மகதாங்க தொரை.”

சின்னமுத்து வாயெடுத்தான். தகப்பன் அவன் கையைப் பிடித்து அழுத்திவிட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. உண்மையைச் சொன்னால் கிளாக்கருடைய வேலை போய்விடும் என்று அந்த மனிதர், தம் வீட்டுக் கல்யாணம் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை என்று நிற்கிறார். எனக்கு முன்னால் இருந்த கிளாக்கர் பதிவில் ஒரு பேரைத் தப்பாக எழுதியதற்கு அன்றைக்கே தோட்டத்தை விட்டு இறக்கப்பட்டவர். அது கருப்பண்ணனுக்கும் தெரியும்.

துரை தீர்ப்பைச் சொன்னார். இந்தக் கல்யாணம் நடக்காது. கூடப் பிறந்தவனுக்கே கட்டிவைக்கிற வீட்டில் பெண் இருக்கக்கூடாது. மறுநாள் காலை வண்டியில் அவளைப் பதுளைக்கு அனுப்பி, ஆதரவற்ற பெண்களுக்கான விடுதியில் சேர்ப்பதாகவும், நீதவானுக்குத் தாமே எழுதுவதாகவும் சொன்னார். நான் அதைத் தமிழில் சொல்லவேண்டும். பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். என் மனைவிக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. துணிக்கடைக்குத் திரும்பிப்போனால் தகப்பனார் என்ன முகம் காட்டுவார் என்றுகூடத் தோன்றியது. அப்புறம் கருப்பண்ணனைப் பார்த்தேன். தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

“தொரை, பொய் எழுதினது நான். பொன்னம்மா இவரு தங்கச்சி மக” என்றேன். அதே மூச்சில் ஆங்கிலத்திலும் சொன்னேன்.

துரை என் பக்கம் திரும்பினார். அன்றைக்குப் பொய் எழுதிய கை இன்றைக்கு உண்மை பேசுகிறது என்று எதை வைத்து நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பிறப்புக் காகிதம் கிடையாது, பெற்றவர்கள் கிடையாது. லயத்தில் எவரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். லயத்தில் எல்லோரும் கருப்பண்ணனுக்காக எதையும் சொல்வார்கள் என்றார். அதுவும் உண்மைதான். சூரியனே வந்து சாட்சி சொன்னாலும் ஏற்கமாட்டார் போலிருந்தது.

அப்போது பொன்னம்மா நிலையை விட்டுக் கையை எடுத்தாள். அதுவரை துரைமார் முன்னால் அவள் வாய் திறந்ததே கிடையாது.

“தொரை, மாமா எனக்குக் குடிசை கட்டினன்னைக்கி நீங்க வந்திருந்தீங்க. நான் உள்ளுக்குள்ள இருந்தேன். அப்பா ஏன் கட்டலைன்னு கேட்டீங்க. பென்சில பல்லுல தட்டினது எனக்குக் கேட்டுச்சுங்க. அப்புறம் எழுதிக்கிட்டீங்க. நீங்க எழுதினதுல பாருங்க.”

பேச வராவிட்டாலும் அந்த அளவுத் தமிழ் கேட்டால் அவருக்கு விளங்கும், நான் மொழிபெயர்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. துரை சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார். கறுப்பு நோட்டுகள் பதினான்கோ பதினைந்தோ இருந்தன. நாற்காலியில் உட்கார அவருக்குப் பொறுமை இல்லை, எல்லாவற்றையும் தரையில் பரப்பி, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புரட்ட ஆரம்பித்தார். நாங்கள் ஐந்து பேரும் சுற்றி நின்றோம். அரைமணி நேரம் இருக்கும். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. இலைக் குடிசையின் படம், அதில் சட்டையில்லாமல் ஒரு மனிதர். ஜாடைகூடக் கருப்பண்ணன்தான்.

அடியில் எழுதியிருந்ததை அவரே வாய்விட்டுப் படித்தார், நான் தமிழில் சொன்னேன். ‘கட்டுபவர் கருப்பண்ணன், பெண்ணின் தாயோடு பிறந்தவர். தாயும் தகப்பனும் வரும் வழியில் இறந்துவிட்டார்கள். தகப்பன் உயிரோடு இருந்தாலும் கட்டமாட்டாராம், இது தாய்மாமனுக்கே உரியது. பெண்ணைக் கருப்பண்ணனின் மகனுக்குக் கொடுப்பார்கள்.’ அதற்குக் கீழே மூன்று கோடு போட்டு ‘மிகவும் முக்கியம்’ என்று எழுதியிருந்தார்.

துரை பென்சிலால் பல்லில் மூன்று தரம் தட்டினார். பிறகு சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார். இருளாயி அழுதாள். சின்னமுத்து யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தான். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமான ஆபீஸ் நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எனக்குத் தண்டனை உண்டு என்றார். அந்த விதியைப் போட்ட முட்டாள் தாம்தான் என்றும், சொந்த நோட்டைப் படித்திருந்தால் போட்டிருக்கமாட்டார் என்றும் முதலில் ஒப்புக்கொண்டார். பிறகு பதிவேடு முழுவதையும் நான் மறுபடி எழுதவேண்டும் என்றார். ஒவ்வோர் அறைக்கும் போய், யார் யாருக்கு என்ன உறவு, அந்த உறவு எப்படி வந்தது என்று கேட்டுப் புதிதாக ஒரு கட்டத்தில் எழுதவேண்டும். சொந்த நேரத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில். குடும்பம் என்பதற்குத் தாம் கொடுத்த விளக்கத்தைச் சிவப்பு மையால் அடித்தும்விட்டார்.

மறுநாள் இருளாயி வெற்றிலைத் தட்டோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமன் வீடே மாப்பிள்ளை வீடாகிவிட்டதால் பெண் பக்கம் நிற்க ஆளில்லையாம். நானும் என் மனைவியும் பெண்ணைப் பெற்றவர்களாக நிற்கவேண்டுமாம். சாதிசனம் முணுமுணுக்கவில்லையா என்றால், முணுமுணுத்தார்கள்தான். இருளாயியின் வாய்க்கு முன்னால் அது எடுபடவில்லை.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் தப்பு முழங்கக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பக்கம் தோட்டமே நின்றது. பெண் பக்கம் நான், என் மனைவி, எங்கள் மூன்று மாதக் கைக்குழந்தை. சின்னத்துரை வந்து, தாம் எந்தப் பக்கம் உட்காரவேண்டும் என்று கேட்டார். ஆள் குறைவாக இருக்கிற பக்கம் என்று யாரோ சொல்ல, தேயிலைப் பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார். பந்தியில் இலைபோட்டுக் கையால் சாப்பிட்டார். ரசம் முழங்கைவரை ஓடியது. பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது நான் அழுதேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். புகை பட்டது என்று நானும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதிவேட்டை எழுதி முடிக்க நாலு மாதம் ஆயிற்று. தண்டனை என்று கொடுத்ததை நான் விருந்து மாதிரி அனுபவித்தேன். ஓர் அறையில் அக்காள் தங்கை இருவர் அண்ணன் தம்பியைக் கட்டியிருந்தார்கள், பிள்ளைகளுக்கு யாரை அம்மா என்று கூப்பிடுவது என்ற கவலையே இல்லை, முதலில் சோறு போடுகிறவள் அம்மா. ஒரு கிழவி, மாதம் ஒருமுறை மூட்டையோடு வரும் பதுளை முஸ்லிம் வியாபாரியைத் தம்பி என்று எழுதச் சொன்னாள். எப்படித் தம்பி என்று கேட்டேன். மூக்குத்தூள் மறக்காமல் கொண்டுவருகிறானே என்றாள். எழுதினேன். துரை அதற்கும் மூன்று கோடு போட்டார். பிறகு லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் கிளாக்கர்மார் வந்து அந்தப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

இப்போது தங்கராசுவின் கேள்விக்கு வருகிறேன். சின்னத்துரை மனோதத்துவம் படித்தவர், ஆனால் கருப்பண்ணன் ஏன் பொய் சொன்னார் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. சமூகத்தை எழுதி எழுதி அலமாரியை நிறைத்தவர், ஆனால் ஒரு வீட்டுக்குள் யார் யார் என்று தெரியாமல் விதி போட்டார். ஆகவே, எந்தப் பாடத்தை எடுத்தாலும் அந்த மூலையில் ஒதுக்கி வைத்திருக்கிறதை விடாதே. எழுதியதை எடுத்துப் படி. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இதை எழுதி முடித்த ஞாயிற்றுக்கிழமை தங்கராசு வந்தான். படித்தான், சமூக சாஸ்திரம்தான் என்று முடிவு செய்துவிட்டு விண்ணப்பத் தாளை விரித்தான். அவனுடைய நன்னடத்தைக்குச் சாட்சியாக ஒரு பெரிய மனிதர் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கு மேலே, ‘விண்ணப்பதாரர் எனக்கு உறவினர் அல்லர்’ என்று அவர் தம் கையால் எழுதவேண்டும். பேனாவை எடுத்தேன். அப்படியே வைத்தேன்.

“ரத்த சொந்தமும் இல்ல, கட்டின சொந்தமும் இல்லீங்களே தாத்தா. சட்டப்படி நீங்க தாராளமா போடலாம்” என்றான்.

சட்டம் அவன் பக்கம்தான். ஆனால் பொன்னம்மா அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து இன்றுவரை என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அவளுடைய மூத்த மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, இரண்டு வயதுகூட நிறையாத என் மகனை மணையில் உட்காரவைத்தாள். அவன் மடியில் பிள்ளை நிற்கவில்லை, நழுவி நழுவி விழுந்தது, மாமன் மருமகன் இருவரும் சேர்ந்தே அழுதார்கள். அந்தக் காதுதான் இப்போது என் எதிரில் விண்ணப்பத் தாளோடு உட்கார்ந்திருக்கிறது.

“ஒரு தரம் பொய் எழுதி நாலு மாசம் தண்டனை அனுபவிச்சவன்டா நான். போஸ்ட்மாஸ்டர்கிட்ட போய் வாங்கிக்க” என்று தாளை மடித்துக் கையில் கொடுத்தேன்.

போஸ்ட்மாஸ்டர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருக்கு அவன் யாரோதான்.